கட்டை வைத்துவிட்டு நின்றவர்

பஸ் தெரணியகலைக்கு வந்து சேர இன்னும் பாதி வழி இருந்தது. மழைக்கு ஒரு ரப்பர் மரம் ரோட்டில் சாய்ந்து கிடக்க, அதை வெட்டி எடுக்க ஆள் வரும்வரை எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். சும்மா இருப்பது எனக்கு வராத காரியம். போனை எடுத்து அகராதியைத் திறந்தேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் சொல்லிக் கொடுக்கிறேன். வாரம் ஒரு சொல்லை எடுத்து, அது எங்கே பிறந்தது, யார் யார் வாயில் புகுந்து புறப்பட்டு வந்தது என்று சொல்வேன். பிள்ளைகள் இதற்கு ‘ஜாதகம் பாக்குறது’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த வாரத்துக்கு உதவி என்ற பொருளில் வரும் சொற்கள். முதலில் ‘ஹெல்ப்’. அதன் ஜாதகத்தில் ஒரு சுவாரசியமும் இல்லை. அந்தக் காலத்திலும் அதற்கு உதவி என்றுதான் அர்த்தம். ‘சப்போர்ட்’ பரவாயில்லை, கீழேயிருந்து சுமப்பது. அடுத்தது ‘அசிஸ்ட்’. லத்தீனில் இரண்டு துண்டு. ஒன்றுக்குப் பக்கத்தில் என்று அர்த்தம், மற்றதற்கு நிற்பது. பக்கத்தில் நிற்பது. அவ்வளவுதான். தூக்குவது இல்லை, இழுப்பது இல்லை, செய்து கொடுப்பது இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தாலே அதற்கு இந்தச் சொல்லைத்தான் சொல்வார்களாம்.

“அட, மைல்கட்ட மாமா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த நோனா, ஒரு சிங்களப் பெண்மணி, திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை என்பதும் உடனே ஞாபகம் வந்தது. மடியில் இருந்த பையில் மல்லிகா அக்காவின் விண்ணப்பத்தின் போட்டோக் கொப்பி. அதை நிரப்பியது நான். நான் நிரப்பிய விதத்தால், மண்சரிவு அபாயத்துக்காக அக்காவுக்குக் கிடைக்க வேண்டிய ஏழு பேர்ச் வீட்டுக்காணி கைநழுவப் போகிறது. நானே பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று அன்று காலையில் கேகாலைக்குப் போனேன். “விண்ணப்பக்காரிக்கு நீங்க யாரு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். நிரப்பிக் கொடுத்தவள் என்றேன். வியாழக்கிழமை டவுனில் விசாரணை, அக்காவே வந்து சொல்ல வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அக்காவின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமாவைச் சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனர். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா. சொந்தம் ஒன்றும் கிடையாது. பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தன் பெயர் எங்கேயாவது எழுதப்படுவதை அவர் விரும்பியவர் இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். தோட்டத்து ஒபிஸ் பதிவேட்டில் அவருடைய வேலைக்குப் பெயர் ‘லொறி அசிஸ்டன்ட்’. இதைச் சின்ன வயதில் ஒருமுறை எட்டிப் பார்த்துப் படித்திருக்கிறேன். அப்போது அது பெரிய உத்தியோகம் போலத் தோன்றியது.

கொழுந்து நிறுக்கும் இடங்கள் எல்லாம் ஏற்றத்தில்தான் இருக்கும். லொறி கிழடு. நிறுத்தியதும் மாமா பின்பக்கத்திலிருந்து குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைத் திணிப்பார். பலாமரக் கட்டை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போனது, தூக்குவதற்கு வாகாக ஒரு கயிற்றுத் துண்டு கட்டியிருக்கும். மற்றக் கிளீனர்கள் கட்டையை வைத்த கையோடு நிழலுக்குப் போய் வெற்றிலை போடுவார்கள். மாமா போகமாட்டார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பார். வெயிலானாலும் நிற்பார், அட்டை கடித்தாலும் நிற்பார்.

“அதான் கட்ட வச்சாச்சுல்ல. நீ ஏன்டா காவல் நிக்கிற?” என்று டிரைவர் கத்துவார்.

“கட்டைக்குக் கண்ணு இல்லியே அண்ணே.”

லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது மட்டும்தான் அவருடைய குரல் உயரும். “ஹரி… ஹரி… தவ சுட்டக்… தவ சுட்டக்…” இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். டிரைவரும் தமிழர், மாமாவும் தமிழர். ஆனாலும் லொறிக்குச் சிங்களம்தான் விளங்கும் என்பதுபோல அதைச் சிங்களத்தில்தான் சொல்வார்.

நிற்பது அவருக்கு வேலையாக மட்டும் இருக்கவில்லை. சுபாவமே அதுதான். யாராவது கஷ்டமான ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் மாமா அங்கே போய் நிற்பார். கூரைத் தகரம் மாற்றினால் கீழே நிற்பார். புதிதாக வந்த மருமகள் முதல்நாள் கொழுந்தெடுக்க நிரையில் இறங்கினால் ரோட்டோரத்தில் நிற்பார். சாவு வீட்டில் குழி வெட்டுகிற இடத்தில் நிற்பார். ஒரு கை பிடிக்கமாட்டார். புத்தியும் சொல்லமாட்டார். கேட்டால் ஒரே வாக்கியம்தான் வரும்: “நான் இருக்கேன். நீங்க பாருங்க.” அதனால்தான் அவருக்கு மைல்கட்டை என்று பெயர். பொம்பிளைகள் அவர் வருவதைக் கண்டாலே, “மைல்கட்ட வந்துருச்சு, டவுனுக்கு எத்தன மைலுன்னு பாத்துச் சொல்லுங்கடி” என்று சிரிப்பார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் அப்பா, நாங்கள் குடியிருக்கிற வரிசைவீட்டு லயத்துக்குப் பின்னால் இருக்கிற பலாமரத்தில் ஏறினார். ஏறுவது சுலபம், பழத்தை வெட்டி இறக்கிவிட்டுத் தான் இறங்கும் நேரத்தில்தான் அப்பாவுக்குக் கால் நடுங்கத் தொடங்கியது. கீழே மாமா.

“என்னா மச்சான் வேடிக்க பாத்துக்கிட்டு? கயித்தப் புடிங்க!”

“நான் இருக்கேன். நீங்க பாருங்க.”

“என்னாத்தப் பாக்குறது? விழுந்தா?”

“விழுந்தா தூக்கத்தான் நிக்கிறேன்.”

அப்பா அவரை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ஏசிக்கொண்டே இறங்கிவிட்டார். “ஒங்கப்பாவ அன்னைக்கி எறக்குனது கோவந்தான்” என்று அம்மா இன்றைக்கும் சொல்வார்.

எல்லாச் சமயமும் இப்படிச் சிரிப்பாக முடிந்ததில்லை. அவருடைய மகள் ஓ.எல். பரீட்சை எழுதாமலே அவிசாவளைப் பக்கம் கார்மென்ட் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். மாமி அழுது, அடித்து, சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தார். மாமா மகளுடைய பையைக்கூடத் தூக்கவில்லை. பஸ் ஹோல்ட் வரை கூடவே நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். மாமி ரோட்டில் உட்கார்ந்து, “வேணாம்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாயில்லியா மனுசா?” என்று கேட்டார். பஸ் வந்தது. அவள் ஏறினாள். வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்தது பயமா வெறுப்பா என்று தெரியவில்லை. பேசவேண்டிய இடத்தில் பேசாதவர் என்ன மனிதர் என்றுதான் தோன்றியது.

அந்த எண்ணத்தோடுதான் என் பிறப்புச் சான்றிதழ் விஷயத்திலும் அவரைப் பார்த்தேன்.

நான் பிறந்தது அந்தக் கொழுந்து லொறியில். அம்மாவுக்குக் கொழுந்தெடுக்கிற மலையிலேயே வலி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும் வழியில் முன்னால் மண் சரிந்து ரோடு அடைபட்டது. திரும்பலாம் என்றால் பின்னாலும் சரிவு. கூட வந்த இரண்டு பெண்கள்தான் பிரசவம் பார்த்தார்கள். மழை லொறிக்குள் கொட்டியிருக்கிறது. மாமா முதுகைத் திருப்பிக்கொண்டு, லொறியை மூடுகிற படங்கை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கடைசிவரை நின்றிருக்கிறார். இரண்டு நாள் அவருக்குக் கை மடங்கவில்லையாம். அவர் அந்த லொறியில் வேலை செய்த காலம் முழுவதிலும் சக்கரத்துக்குக் கட்டையை டிரைவர் வைத்தது அந்த ஒரு நாள்தான்.

ரோடு திறக்க மூன்று நாள் ஆனது. அதற்குள் அம்மாவும் நானும் லயத்தில் சௌக்கியமாக இருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, அதனால் பதியவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எப்படியோ சேர்த்துக்கொண்டார்கள். ஓ.எல். எழுத அடையாள அட்டை வேண்டும் என்று வந்தபோதுதான், நான் பிறந்ததற்கு இந்த நாட்டில் ஒரு தாளும் இல்லை என்பது தெரிந்தது. அப்பா ஒருமுறை போய்த் திரும்பி வந்தார். அம்மா ஒருமுறை போய், கேட்ட கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் அழுதுகொண்டு வந்தார். மூன்றாவது முறை, பிறந்த விஷயம் தெரிந்த ஒருவரையும் கூட்டிவரச் சொன்னார்கள். பிரசவம் பார்த்த இரண்டு பேரில் ஒருவர் செத்துப்போயிருந்தார். மற்றவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். அன்றைய டிரைவரும் எப்போதோ தோட்டத்தை விட்டுப் போயிருந்தார். மிச்சம் மாமா.

“மைல்கட்டயக் கூட்டிக்கிட்டுப் போயி என்னா செய்றது? அங்கயும் நிக்கத்தான் போறாரு” என்றார் அப்பா.

பரீட்சை விண்ணப்பத்துக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. தவறினால் ஒரு வருடம் போகும். எங்கள் லயத்தில் ஒரு வருடம் வீட்டில் இருந்த பெண்பிள்ளை மறுபடி புத்தகம் தூக்கியதில்லை. அதனால் நான் ஒரு முடிவோடு போனேன்: எல்லாவற்றையும் நானே பேசிவிடுவது.

பதிவாளர் ஒரு நோனா. கண்ணாடி போட்டவர், கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். அங்கே நடந்தது எல்லாம் சிங்களத்தில். நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மீன்காரனை ஓட ஓட விரட்டுவார். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்தால் போதும், தொண்டை அடைத்துவிடும்.

“பிள்ளை எங்கே பிறந்தது?” என்று நோனா அம்மாவைக் கேட்டார்.

“லொறியில, நோனா” என்றேன் நான்.

“என்ன நேரம்?”

“பின்னேரம், மூணு மணிக்கு முந்தி. ரோட்டுல மண்ணு சரிஞ்சு…”

நோனா பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். “ஒன்னைப் பெத்தது நீயேவா?”

பக்கத்து மேசைகள் எல்லாம் சிரித்தன. எனக்கு முகம் எரிந்தது. திரும்பி மாமாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரோரத்தில் நின்றவர் இரண்டு அடி எடுத்து வைத்து அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கை பின்னால்.

“நான் இருக்கேன் தங்கச்சி. நீங்க பாருங்க.”

அம்மா அவரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். “லொறியிலதான், நோனா” என்றார். பிறகு, “மழ” என்றார். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சந்தைக் குரல் வந்துவிட்டது.

“மழன்னா சும்மா மழ இல்ல நோனா. முன்னுக்கும் போவ ஏலாது, பின்னுக்கும் போவ ஏலாது. எனக்கு உசுரு போவுது. டிரைவரு சாமியக் கும்புடுறாரு. கும்புடுறத உட்டுட்டுக் கத்தி கொண்டாங்கன்னு கத்துறேன். கொழுந்துச் சாக்குலதான் படுத்திருந்தேன். புள்ள பொறந்தப்போ ஒடம்பெல்லாம் பச்சக் கொழுந்து ஒட்டிக் கெடந்துச்சு. ஸ்டோர்ல அன்னைக்கி அந்தச் சாக்கு நனஞ்சிருக்குன்னு எடையில கழிச்சாங்க நோனா, எதுல நனஞ்சிச்சுன்னு ஒருத்தனும் கேக்கல!”

இந்தத் தடவை சிரித்த சிரிப்பு வேறு. நோனாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். அம்மா நிறுத்தாமல் சொன்னார். ஏன் பதியவில்லை, யார் என்ன சொன்னார்கள், இப்போது எதற்கு வேண்டும், எல்லாம். எனக்குத் தெரியாத விஷயங்களும் அதில் இருந்தன. நான் பேசியிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது.

கடைசியில் நோனா மாமாவிடம் திரும்பினார். “நீங்க அங்க இருந்தீங்களா?”

“இருந்தேன் நோனா.”

“என்ன பார்த்தீங்க?”

“ஒன்னும் பாக்கல நோனா. அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நின்னேன்.”

“பார்க்கவே இல்லன்னா நீங்க என்ன சாட்சி?”

“சத்தம் கேட்டுச்சு நோனா. மொத தங்கச்சியோட சத்தம். அப்பறம் இந்தப் புள்ளயோட சத்தம்.” என்னைத் தாடையால் காட்டினார். “அது இன்னும் நிக்கல.”

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே பகிடி அதுவாகத்தான் இருக்கும்.

கையொப்பம் போட வேண்டிய இடத்தில் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். எழுதத் தெரிந்திருந்தால் அவரும் மற்றவர்கள் மாதிரி எழுதிக் கொடுத்திருப்பாரோ? பேசத் தெரிந்திருந்தால் பேசியிருப்பாரோ? வேறொன்றும் செய்யத் தெரியாததால்தான் நிற்கிறாரோ? அம்மாவிடம் கேட்டதற்கு, “ஒனக்கு சர்டிபிகேட் கெடச்சிச்சா இல்லியா? அப்பறம் என்னா ஆராய்ச்சி?” என்றார்.

சான்றிதழ் கிடைத்தது. பரீட்சை எழுதினேன். அடுத்த வருடம் தோட்டத்து லொறியை விற்றுவிட்டார்கள். கொழுந்தை வெளியாள் லொறி ஏற்றத் தொடங்கியது. கார்மென்டுக்குப் போன மகள் அவிசாவளைப் பக்கம் ஒரு வீடு எடுத்து அப்பா அம்மாவைக் கூட்டிப் போனாள். போகிற அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அன்றோடு எனக்குப் பாடம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேர்மாறாகத்தான் ஆனேன். ‘ஒன்னைப் பெத்தது நீயேவா’ என்று பதிவாளர் நோனா கேட்ட கேள்வி எனக்குள் முள் மாதிரிக் குத்திக்கொண்டே இருந்தது. இனி எங்கள் லயத்து ஆள் ஒருவரும் எந்த மேசைக்கு முன்னாலும் தடுமாறக் கூடாது, நான் இருக்கிறேன், நானே பார்க்கிறேன் என்று வெறியாகப் படித்தேன். இப்போது இரத்தினபுரியில் இங்கிலிஷ் டிப்ளோமா கடைசி வருடம். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில், ஒரு மேசை போட்டு உட்காருவேன். மூன்று மொழியிலும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். என் வேகத்தைப் பார்த்து எல்லாருக்கும் பெருமை. எனக்கு எல்லாரையும்விடப் பெருமை.

மல்லிகா அக்கா வந்தது அப்படி ஒரு சனிக்கிழமை. அவர் இருப்பது எங்களுக்கு மேல் லயத்தில். அவருடைய காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது. அந்த வரிசைக் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் ஏழு பேர்ச் காணியும் வீடும் என்று சொல்லி, அதிகாரிகள் விண்ணப்பப் படிவம் கொடுத்திருந்தார்கள். வெளியே ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

“தங்கச்சி, இதுல வந்து…” என்று அக்கா தொடங்கினார்.

“தெரியும் அக்கா, தெரியும். குடுங்க.”

“இல்ல, அவரு வந்து இப்ப…”

“எல்லாம் தெரியும் அக்கா. இங்க சைன் வைங்க.”

‘குடும்பத் தலைவர்’ என்ற கோட்டில் என் கை தானாக அவருடைய புருசன் பெயரை எழுதிவிட்டது. லயத்துக் காம்பரா எப்போதும் ஆம்பிளை பெயரில்தான் இருக்கும். ஒபிஸ் பதிவேட்டில் அப்படி, பழைய விண்ணப்பம் எல்லாவற்றிலும் அப்படி. நானும் ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே எழுதினேன். அந்த மனுசன் மூன்று வருடத்துக்கு முந்தி வத்தளைக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டது தோட்டம் முழுக்கத் தெரியும். எனக்கும் தெரியும்.

அதிகாரிகள் வந்து பார்த்தபோது அக்கா மலையில். பக்கத்துக் காம்பராக்காரர்கள் உள்ளதைச் சொன்னார்கள். போன வாரம் ஒபிஸ் சுவரில் லிஸ்ட் ஒட்டினார்கள். அக்கா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் நேராக என்னிடம் வந்தார்.

“லிஸ்ட்டுல என் ஊட்டுக்காரரு பேரு இருக்கு. அதுக்குப் பக்கத்துல ‘இருப்பிடத்தில் இல்லை, விசாரணைக்கு’ன்னு இருக்குன்னு கணக்கப்பிள்ள வாசிச்சுச் சொன்னாரு. எங்கயோ கெடக்குற மனுசன எதுக்கு தங்கச்சி என் ஊட்டுக்குத் தலைவராக்குன?”

“அக்கா, நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே…”

“எங்க சொல்ல உட்ட?”

நான் விண்ணப்பத்தின் கொப்பியைத் தேடி எடுத்தேன்.

“வெடிப்புல இப்ப என் கை முழங்கை வரைக்கும் போவுது” என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “ரெண்டு புள்ளைங்களையும் வச்சிக்கிட்டு மழை நேரத்துல நான் தூங்குறதே இல்ல தங்கச்சி.”

அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் கேகாலைக்கு ஓடினேன். மறுபடியும் அவரைக் கேட்காமல், மறுபடியும் நானே பேசுவதற்கு. திரும்பி வரும் வழியில்தான் மரம் விழுந்தது, அகராதி திறந்தது.

ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து மனிதர்களை அளக்க முடியாது என்று வகுப்பில் நானே சொல்வேன். மாமாவுக்கு லத்தீன் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. அவர் நின்றது குணத்தினாலா இயலாமையினாலா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. மகள் பஸ் ஏறியபோது அவர் பேசியிருக்க வேண்டுமா என்பதும் தெரியாது. ஆனால் அம்மாவுக்குப் பக்கத்தில் அவர் வந்து நின்ற அந்த இரண்டு அடி எனக்குத் தெரியும். அம்மாவின் குரல் திரும்பி வந்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த மேசையில் அன்று வேலை செய்தது என் பேச்சு இல்லை.

மரத்தை வெட்டி எடுத்தார்கள். பஸ் கிளம்பியது. இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் மேல் லயத்துக்குப் போனேன். அக்கா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவும் குடத்தோடு அங்கேதான் இருந்தார்.

“வியாழக்கிழம நீங்களே வந்து சொல்லணுமாம் அக்கா. என்னா சொல்லணும்னு நான் எழுதி…” என்று தொடங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். மூடுவது உண்மையிலேயே வலித்தது. “நீங்க என்னா சொல்லப் போறீங்க?” என்று கேட்டேன்.

அக்கா குடத்தை இடுப்பில் வைத்தார். “எங்க ஊட்டுக்குத் தலைவி நான்தான். அவரு போயி மூணு வருஷம். புள்ளைங்களுக்குச் சோறு போடுறது நான், கூரைக்குத் தகரம் போட்டது நான், வெடிப்புல மண்ணு அடைக்கிறதும் நான். வேற தலைவரு யாராச்சும் இருந்தா வந்து ஒரு ராத்திரி அந்தக் காம்பராவுல படுக்கச் சொல்லுங்க.”

இதைவிட நன்றாக எனக்கு எந்த மொழியிலும் எழுத வராது.

“இங்க சொல்லிருவேன்” என்றார் அக்கா. “அங்க போனா தொண்ட அடச்சிக்கும். நீ வருவல்ல?”

“வருவேன்.”

“பேசுவியா?”

“இல்ல அக்கா. நான் இருக்கேன். நீங்க பாருங்க.”

அம்மா குடத்தை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். “யாரு, இவளா? வாய மூடிக்கிட்டு நிக்கப் போறாளா? எங்க அண்ணனோட அந்தக் கட்டயத் தேடி எடுத்து இவ வாயில வைங்கடி மொத!”

அக்காவும் சிரித்தார். லிஸ்ட் ஒட்டிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. காலையில் முதல் பஸ். விண்ணப்பக்காரிக்கு நீங்க யாரு என்று கேட்டால், கூட வந்தவள் என்று சொல்வேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் கிடையாது. அக்கா தடுமாறினால் இரண்டு அடி கிட்டப் போவேன். அங்கே இருக்கிற அவ்வளவு நேரமும் என் நாக்கு சும்மா இருக்குமா என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை. ஆனால் கையை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இன்று சாயங்காலம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பின்னால் கட்டிப் பார்த்தேன்.